எண்பதடி ரோட்டில் சிவப்புக் கார்

2006 ஜூன் 3, சனி

காலையில் இருந்து தூறல். ஜூன் மாதத்தில் ஸ்வெட்டர் போடுகிற ஊர் ஓசூர். எங்கள் அருப்புக்கோட்டையில் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே இந்நேரம் தார் உருகிச் செருப்பில் ஒட்டும்.

வாங்க வேண்டியது: தைலம், டார்ச் பேட்டரி, ஷூ பாலிஷ்.

சாயங்காலம் எண்பதடி ரோடு டூட்டி. சனி, ஞாயிறு வந்தால் 'ரவுண்டு'. நாங்கள் வைத்த பேர் இல்லை, அவர்களே வைத்தது. ஏரி முக்கில் ஆரம்பித்து மூக்கண்டப்பள்ளி வரை காரில் வருவது, திரும்புவது, மறுபடி வருவது. எந்த இடத்துக்கும் போவதற்காக இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, டிக்கியில் ஸ்பீக்கரை அலறவிட்டு, சும்மா சுற்றுவதற்கு. வேலை வெட்டி இல்லாதவன் பூனைக்குச் சிரைத்த கதை. இருட்டிய பிறகுதான் ஓய்கிறது. எல்லாம் பெங்களூர்ப் பயல்கள். பார்டரைத் தாண்டிவிட்டால் நாம் தொட முடியாது என்று தெரிந்து வருகிற திமிர்.

கான்ஸ்டபிள் முனிராஜ் மட்டும் ஒத்துக்கொள்வதில்லை. "நம்ம ஊர்ப் பசங்களும் கீறாங்க மேடம். நம்பரப் பாத்து ஆளச் சொல்ல முடியாது இங்க. எங்க ஊட்லயே அம்மா தெலுங்கு, பொண்டாட்டி கன்னடம்." இந்த மண்ணிலேயே பிறந்தவர். எனக்கு இங்கே ஐந்து மாதம்தான். இருந்தாலும் எஸ்.ஐ. நான்.

இன்று கம்பெனி ஷிப்ட் விட்டு வந்த பெண்கள் மேல் ஒரு காரில் இருந்து தண்ணீர் பாக்கெட்டாக எறிந்தார்கள். ஒரு பெண் பயந்து ஓடித் தடுப்புக் கம்பியில் விழுந்தாள். முன்பல் இரண்டு போனது. பத்தொன்பது வயது இருக்கும். ரத்தத்தைத் துப்பிவிட்டு முதலில் கேட்டது, "பஸ் போயிருச்சா மேடம்?" அழுகை வந்தது எனக்கு. அப்புறம் கோபம். எனக்கு இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் வரும்.

இதுவரை செய்து பார்த்தது:
தடுப்புக் கம்பி. இடித்துத் தள்ளிவிட்டுப் போனார்கள்.
ஒருவழி. மதிப்பாரில்லை.
அபராதம். சிரித்துக்கொண்டே கட்டிவிட்டு அடுத்த ரவுண்டு.
டயரில் காற்றைப் பிடுங்குவது. கொஞ்சம் பலன் உண்டு.
சாவி.

சாவியில் மு. கெட்டிக்காரர். பைக்கில் எல்லா போலீசும் செய்வதுதான். இவர் காரில் செய்வார். ஜன்னலில் குனிந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே தோள்வரை கையை உள்ளே விட்டு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு திருகு. வண்டி செத்துவிடும். இன்று மூன்று கார். டூட்டி முடிந்து ராத்திரி ஆஜரில் எல்லோர் முன்னாலும் பாராட்டினேன். "முனிராஜைப் பார்த்துக் கத்துக்கங்க."

ஜூன் 4, ஞாயிறு

தூறல் இல்லை. காற்று. தலைவலி.

ரவுண்டில் ஒரு வெள்ளைக் கார் மாம்பழ வண்டியை இடித்துத் தள்ளியது. ரோடு முழுக்கப் பழக்கூழ், அதில் வழுக்கி ஒரு பைக். பைக்காரனுக்குக் கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தது. காரோட்டி இறங்கி வந்து தன் பம்பரைத்தான் தடவிப் பார்த்தான். அறைந்தேன். அவன் மூக்குக் கண்ணாடி பறந்து போய் மாம்பழச் சேற்றில் விழுந்தது. "யூ காண்ட்" என்று ஆரம்பித்தான். இன்னொன்று விட்டேன். கூட்டம் கை தட்டியது.

கை தட்டியது பிடித்திருந்தது.

என் வீட்டுக்காரர் போன் செய்தார். விருதுநகரில் மழை இல்லையாம். அறைந்ததைச் சொன்னேன். "கையை அடக்கு சாந்தி. ஒரு நாள் இல்லை ஒரு நாள் வினையில் போய் முடியும்." வாத்தியார் வேலை பார்க்கிற மனுஷன் சொல்கிறார், பிரம்பை ஓரமாக வைத்துவிட்டு.

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். "மேல இருந்து தினம் கேக்குறாங்கம்மா. ரவுண்டு நிக்கணும். எப்படி நிக்கும்ங்கறது உங்க பாடு."

ஜூன் 10, சனி

எழுத்து கோணலாக வருகிறது.

சாயங்காலம், ஷிப்ட் விட்ட கூட்டம் ரோட்டில். சிவப்புக் கார், மூன்றாவது தடவை வருகிறது. மு. நிறுத்தினார். கண்ணாடி பாதி இறங்கி இருந்தது. உள்ளே ஒரே ஒருவன், தொப்பி. மு. வழக்கம்போலக் குனிந்தார், சிரித்தார், கையை விட்டார்.

கார் நகர்ந்தது.

முதலில் கூடவே ஓடினார். விளையாட்டு மாதிரி இருந்தது. பிறகு கால் தடுக்கி, உடம்பு தொங்கி, ஷூ தேய்கிற சத்தம். கை ஸ்டியரிங்குக்கும் கதவுக்கும் நடுவில் மாட்டிவிட்டது. உள்ளே இருந்தவன் கத்துகிறான், "பிடோ! பிடோ!" கன்னடத்தில் விடு விடு என்று. விடச் சொல்கிறானே, எப்படி விடுவார்? நான் பின்னால் ஓடினேன். நடு ரோட்டுக் கல்லில் உடம்பு ஒரு முறை மோதியது, மறுபடி ஒரு முறை. இரண்டாவது முறை சத்தம் வேறு மாதிரி இருந்தது. பெட்ரோல் பங்க் முன்னால் உதிர்ந்து விழுந்தார். கார் பார்டர் பக்கம் பறந்துவிட்டது.

முழங்கை மடங்கக் கூடாத பக்கம் மடங்கி இருந்தது. முன்கையில் தோல் இல்லை. ஒரு காதும் பாதி இல்லை. ஷிப்ட் பெண் ஒருத்தி தன் துப்பட்டாவைக் கழற்றிக் கொடுத்தாள், கட்டினேன், உடனே ஊறிவிட்டது. ஆட்டோவில் தலை என் மடியில். கண்ணைத் திறந்து ஒரே ஒரு கேள்வி.

"சாவி வந்துச்சா மேடம்?"

வந்தது என்றேன்.

நம்பர் யாரும் பார்க்கவில்லை. சேறு அடித்திருந்ததாம். கன்னடத்தில் கத்தினான், பார்டர் பக்கம் ஓடினான், பிறகென்ன சந்தேகம்? சிவப்புக் கார், கே.ஏ. நம்பர் என்று வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கத்து போலீசுக்கும் சொல்லியாயிற்று. "நோடோணா" என்றார்கள். பார்க்கலாமாம்.

அவன் கிடைத்தால் கையை உடைப்பேன். சட்டம் கிடக்கட்டும்.

ஜூன் 11, ஞாயிறு, காலை

மு.வின் வலது கையை எடுத்துவிட்டார்கள். முழங்கைக்கு மேலே. இன்னும் மயக்கம். மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருடைய பெல்ட்டைக் கையில் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்து எழுந்து நின்றாள்.

ஆட்டோவில் மைக் கட்டி மூக்கண்டப்பள்ளி முழுக்கச் சுற்றினேன். வேறு யாரையும் பேச விடவில்லை, நானே பேசினேன். "நமது காவலரை இழுத்துச் சென்ற சிவப்பு நிறக் கார். கர்நாடகப் பதிவு எண். கண்டால் விடாதீர்கள், உடனே தகவல் கொடுங்கள்." டீக்கடை, கோயில், லைன் வீடு, எல்லா இடமும். ஜனங்கள் வேலையை விட்டு நின்று கேட்டார்கள். ஒரு பெரியவர், "மாட்னா நாங்க பாத்துக்கறோம், நீ கவலப்படாத சாமி" என்றார். வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

என் குரல் மைக்கில் கணீரென்று இருந்ததாம். இன்ஸ். சொன்னார்.

ஜூன் 12, திங்கள்

நேற்று மிச்சத்தை எழுதவில்லை. நெற்றிக்கு மேல் ஆறு தையல். படுத்தால் இடிக்கிறது, உட்கார்ந்தே எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் ரவுண்டுக் கார்கள் வரவில்லை. பயம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஐந்தரை வாக்கில் மூக்கண்டப்பள்ளிப் பக்கம் இரைச்சல். போய்ப் பார்த்தால் நூறு, நூற்றைம்பது பேர். நடுவில் சிவப்புக் கார். கே.ஏ. நம்பர்.

உண்மையைச் சொல்கிறேன். முதலில் நான் வேகமாக நடக்கவில்லை. நாலு அடி வாங்கட்டும் என்று நினைத்தேன்.

கண்ணாடியெல்லாம் நொறுங்கிக் கிடந்தது. ஒருவன் காரின் மேல் ஏறிக் குதிக்கிறான். ஆளைக் கீழே இழுத்துப் போட்டு மிதிக்கிறார்கள். இரும்புப் பைப், செங்கல், ஒருவன் கையில் சைக்கிள் செயின். மூக்கு இருந்த இடம் தெரியவில்லை. கால்சட்டை நனைந்திருந்தது. அடிக்கிறவர்களில் யாரும் வெறி பிடித்தவர் போல இல்லை. சட்டைப் பையில் பேனா வைத்தவர்கள், கம்பெனி யூனிபார்மோடு ஒருவர், ஞாயிற்றுக்கிழமைக் கறி வாங்கின பையோடு ஒருவர். பையைப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டு மிதித்தார்.

கீழே இருந்து ஒரு குரல்.

"நா சாத்தூருய்யா! இந்த ஊர்லதான்யா குடியிருக்கேன்! ஆக்டிங் டிரைவர்யா, மொதலாளி வண்டிய்யா! அடிக்காதீகய்யா!"

நின்றுவிட்டேன். எங்கள் பக்கத்துப் பேச்சு. எங்கள் வீட்டில் அண்ணன் பேசுகிற பேச்சு. அதை நடிக்க முடியாது.

"பாத்தியாடா, தமிழ் பேசித் தப்பிக்கப் பாக்கறான்!" என்று ஒருவன் சொன்னான். பைப் இறங்கியது. இடது கண்ணில்.

அப்புறம் நான் என்ன செய்தேன் என்று கோவையாக ஞாபகம் இல்லை. லத்தியால் யார் யாரையோ அடித்தேன். ஒருவன் கை விரல் உடைந்த சத்தம் கேட்டது. கீழே கிடந்தவன் மேல் விழுந்து மூடிக்கொண்டேன். செங்கல் என் தலையில். "மேடம், நீங்கதான சொன்னீங்க விடாதீங்கன்னு?" என்று ஒருவன் கேட்டான். கோபமாக இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டான். எனக்கு அடியில் அவன் மூச்சு குமிழ் விடுகிற மாதிரி சத்தம் போட்டது. "அக்கா, விட்ராதீகக்கா" என்றான். விடவில்லை. ஸ்டேஷன் வேன் வந்த பிறகுதான் எழுந்தேன்.

பேர் பால்பாண்டி. பெங்களூரில் யாரோ முதலாளியின் காரை ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமைக்கு வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லிக் கொடுத்த கார். வீடு, அவனை அடித்த இடத்தில் இருந்து மூன்றாவது தெரு.

ஜூன் 13, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது.

பால்பாண்டிக்கு இடது கண் இல்லை. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது. விலா நாலு. பிழைப்பான் என்கிறார்கள்.

காரில் இருந்தவை: டிபன் கேரியர், சின்னப் பிள்ளைக்கு ஒரு மஞ்சள் கவுன், இட்லித் துணி.

கேஸ் எழுதியாயிற்று. அடையாளம் தெரியாத நபர்கள். எனக்கு முகம் முகமாகத் தெரிகிறது. கறிப் பைக்காரரை நாளைக்கே காட்டுவேன். இன்ஸ். வேண்டாம் என்கிறார். "நூறு பேர உள்ள வச்சா ஷிப்ட் எப்படிம்மா ஓடும்? விடுங்க."

சாப்பாடு இறங்கவில்லை. பழையதில் மோர் ஊற்றிக் குடித்தேன்.

ஜூன் 14, புதன்

மு. பேசுகிறார். வலது பக்கம் போர்வை தட்டையாகக் கிடக்கிறது. அங்கே பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்து அங்கேயே பார்த்தேன்.

சிவப்புக் கார், கே.ஏ. வண்டி, இன்னும் கிடைக்கவில்லை என்றேன்.

"கே.ஏ.வா? யாரு சொன்னாங்க மேடம்?"

"அவன் கன்னடத்துல கத்தினானே."

என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. பரிதாபமாகப் பார்த்தார்.

"நம்ம டி.என். வண்டி மேடம் அது. பாகலூர்ப் பக்கம் ரோஸ் தோட்டக்காரரு பையன். நவீன்னு பேரு. அவனத் தெரிஞ்சுதான் சிரிச்சிகினே கைய வுட்டேன். பயந்துட்டான். பயத்துல ஊட்டுப் பேச்சு வந்துக்குது. எனக்குக் கூட அம்மாவக் கூப்டறப்ப தெலுங்குதான் வரும்."

அப்புறம், "அந்தச் சாத்தூர்ப் பையன் எப்டி கீறான்?" என்று கேட்டார். நர்சுகள் சொல்லியிருக்கிறார்கள்.

பிழைத்துவிடுவான் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தெரிந்தவரிடம் கேட்காமல் தெரிந்த மாதிரி மைக் பிடித்தேன். இந்த ஊரில் பால் ஊற்றுகிறவனில் இருந்து வீட்டுக்காரம்மா வரை கன்னடம் பேசுகிறார்கள், ஐந்து மாதமாகக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். என் மண்டையில் ஏறவில்லை.

ஜூன் 15, வியாழன்

காலையில் பிடித்தோம். ரோஸ் தோட்டத்தில், பிளாஸ்டிக் கொட்டகைக்குள் ஒளிந்திருந்தான். முள் கீறி முகமெல்லாம் கோடு. கார் தார்ப்பாய்க்குள். கதவில் உள்பக்கம் ரத்தம், துடைக்கக்கூட இல்லை. டி.என். நம்பர்.

ஸ்டேஷனில் பின் ரூம். நானும் அவனும். லத்தி என் கையில். சனிக்கிழமையில் இருந்து இதற்காகத்தான் காத்திருந்தேன்.

"மேடம், அவரு கைய உள்ள வுட்டதும் பயந்துட்டேன் மேடம். கால் வழுக்கி கிளட்ச் வுட்டுட்டேன். நிறுத்தினா ஜனங்க அடிச்சே கொன்னுடுவாங்கன்னு ஓடிட்டேன் மேடம்." சுத்தமான ஓசூர்த் தமிழ். நடுவில் ஒருமுறை "அம்மா" என்று கன்னடத்தில் என்னவோ புலம்பினான்.

லத்தியை ஓங்கினேன். கீழே ஈரம் பரவியது. கால்சட்டை நனைந்து, தரையில் ஓடி, என் ஷூ வரை வந்தது. பால்பாண்டிக்கும் அன்றைக்கு இதே மாதிரி நனைந்திருந்தது.

ஓங்கின கையை இறக்க நேரம் பிடித்தது. வெளியே வந்து ஏட்டையாவிடம், அவனுக்கு ஒரு கைலி கொடுங்கள் என்றேன்.

இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன், கே.ஏ. என்று அறிவித்தது நான், தவறு என்னுடையது, அதையும் கேஸில் சேர்க்க வேண்டும் என்று. நிமிர்ந்தே பார்க்கவில்லை. "மைக்ல பேசினதுக்கெல்லாம் ரெக்கார்டு கிடையாதும்மா. தலையில தையலோட ஒரு உசிரக் காப்பாத்தியிருக்கீங்க. அவார்டுக்கு எழுதிட்டேன். போய் ரெஸ்ட் எடுங்க."

நான் தனியாக ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். டிராயரில் போட்டார்.

ஜூன் 17, சனி

நல்ல வெயில். தையல் அரிக்கிறது.

எண்பதடி ரோடு காலி. ஒரு கார்கூட ரவுண்டு வரவில்லை. கே.ஏ. வண்டிக்காரர்கள் ஊருக்குள் வரவே பயப்படுகிறார்கள். உள்ளூர்க்காரர்கள்கூட, பெங்களூரில் செகண்ட் ஹாண்டில் வாங்கின காரை வீட்டுக்குள் நிறுத்தித் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். ஷிப்ட் பெண்கள் நடு ரோட்டில் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். முன்பல் போனவளும் இருந்தாள், வாயைப் பொத்திச் சிரித்தாள். மேலே இருந்து இன்ஸ்பெக்டருக்குப் பாராட்டு. ரவுண்டை ஒழித்துவிட்டோமாம். தடுப்புக் கம்பி ஒழிக்கவில்லை, அபராதம் ஒழிக்கவில்லை. ஒருவன் கண்ணைத் தோண்டினதில் ஒழிந்தது.

டூட்டி முடிந்து நேராகப் பால்பாண்டி வீட்டுக்குப் போனேன். பழம், ஹார்லிக்ஸ். லைன் வீடு, ஒரே அறை. அவன் இன்னும் ஆஸ்பத்திரியில். மனைவி முத்துலட்சுமி பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். பிள்ளை மஞ்சள் கவுனில். யூனிபார்மைப் பார்த்ததும் காலில் விழப் போனாள், பிடித்துத் தூக்கினேன்.

"எங்க அக்கா மாதிரி வந்து மேல விழுந்து காப்பாத்துனீகளே. அவரு பேச முடியாம எழுதிக் காட்டுனாரு." என் நெற்றிக் கட்டைத் தொட்டுப் பார்த்து அழுதாள். சாப்பிடாமல் போகக் கூடாது என்று பிடிவாதம். சோறு, கருவாட்டுக் குழம்பு. எங்கள் ஊர்க் குழம்பு. ஒரு வாரத்துக்குப் பிறகு எனக்குப் பசித்தது. அது எனக்கே அசிங்கமாக இருந்தது.

நான் சாப்பிட, அவள் பேசினாள்.

"அடிச்சவகள்ல பாதிப் பேரு இந்த லைன்லதான்க்கா இருக்காக. கொழாயில தண்ணி பிடிக்கையில மொகத்தப் பாக்க மாட்டேங்குறாக. ஒருத்தரு ராத்திரியோட ராத்திரியா வாசல்ல அரிசி மூட்டை வச்சுட்டுப் போயிட்டாரு. அவுகள விடுங்க. அன்னைக்குக் காலையில மைக்கக் கேட்டு நானே இவருக்குப் போன் போட்டேன், செவப்புக் காரத் தேடுறாக, பஸ்ல வாங்கன்னு. சிரிச்சாரு. நம்ம தெருவுல நம்மள யாரு என்ன செய்யப் போறான்னாரு."

குழம்பு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"ஏக்கா, அந்த மைக்குல பேசுச்சே ஒரு பொம்பள. அது யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ரெக்கார்டு கிடையாது.

நான்தான் என்றேன்.

அவள் கத்தவில்லை. பிள்ளையை இழுத்துத் தன் பின்னால் விட்டுக்கொண்டாள். குனிந்து என் முன்னால் இருந்த தட்டை எடுத்தாள். பாதிச் சோறு இருந்தது. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கை கழுவச் சொன்னாள்.